இது எங்க பீச், நீங்க கிளம்புங்க: சர்ஃப் பங்க்ஸ் கதை

போன வாரம் ஆபீஸ்ல பில்டு ஓடி முடியட்டும்னு உட்கார்ந்திருந்தப்போ ஒரு பழைய ஆல்பம் கேட்டேன். பேரு 'மை பீச்'. 1980-ல எபிக் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது, பேண்ட் பேரு சர்ஃப் பங்க்ஸ். முதல் தடவை நல்லா சிரிச்சேன். மூணாவது தடவை ஒரு சந்தேகம் வந்தது: இவங்க நிஜமாவே காமெடிதான் பண்றாங்களா?

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல மாலிபு. 1959-ல 'கிட்ஜெட்'னு ஒரு படம் வந்தது. மாலிபுவில் சர்ஃபிங் கத்துக்கிற ஒரு பொண்ணோட கதை. அதுக்கப்புறம் அந்தக் கடற்கரையில கூட்டம் தாங்கல. மலைக்கு அந்தப் பக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு, வெயில் கொளுத்தற புறநகர். அங்கிருந்து லீவு நாள்ல பசங்க கார்ல வந்து இறங்குவாங்க. உள்ளூர் சர்ஃபர்களுக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது. காரணம் இருக்கு. ஒரு அலைல ஒருத்தர் போறதுதான் முறை. நம்ம பாஷையில சொன்னா, ஒரு நேரத்துல ஒரே த்ரெட் பிடிக்கிற லாக். இங்கே பிரச்சினை வந்தா எரர் மெசேஜ் வராது, அடிதான் விழும்.

இந்த ஏரியா கெத்தைத்தான் எழுபதுகளின் பிற்பகுதியில் டென்னிஸ் டிராகனும் ட்ரூ ஸ்டீலும் பாட்டாக்கினாங்க. அறுபதுகளின் சர்ஃப் கிட்டார் ஒரு பக்கம், அதுக்கு மேல பங்க்கோட அவசரமும் கத்தலும். அந்தப் பழைய கிட்டார் சத்தம் ஏன் ஈரமா இருக்கும் தெரியுமா? 1961-ல ஃபெண்டர் கம்பெனி ஒரு ரிவெர்ப் பெட்டி விட்டது. உள்ளே ஸ்பிரிங். கிட்டார் சிக்னல் ஸ்பிரிங் வழியா ஆடி வெளியே வரும், அவ்வளவுதான். இன்னிக்கு நாம பிளக்-இன்ல ஒரு கிளிக் பண்ணி வாங்கிடறோம்.

கேட்டா வாசிக்கத் தெரியாத பசங்க மாதிரி இருக்கும். ஏமாந்துடாதீங்க. டென்னிஸோட அப்பா கார்மென் டிராகன் ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர், 1944-ல வந்த 'கவர் கேர்ள்' படத்து இசைக்காக ஆஸ்கரைப் பகிர்ந்துகிட்டவர். அண்ணன் டேரில்தான் 1975-ல அமெரிக்காவே முணுமுணுத்த 'கேப்டன் அண்ட் டெனில்' ஜோடியில கேப்டன். டென்னிஸும் பீச் பாய்ஸ் மேடையில வாசிச்சவர். அண்ணன் தம்பி மூணு பேரும் 1970 வாக்குல சேர்ந்து பண்ணின ஒரு ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் சீண்டல. 2007-லதான் லண்டன்ல நிஞ்சா ட்யூன் அதை வெளியிட்டது. அதை நிச்சயம் கேளுங்க. அதைக் கேட்டாத்தான் சர்ஃப் பங்க்ஸ்ல இவர் வேணும்னே முட்டாளா நடிக்கிறார்னு புரியும்.

சரி, என் சந்தேகத்துக்கு வருவோம். உள்ளூர் ரவுடியோட முகமூடியைப் போட்டு அவனையே கேலி பண்றாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா முழுசா கேலின்னும் சொல்ல முடியல, அந்தக் கோபம் இவங்களுக்கும் கொஞ்சம் இருந்திருக்கு. 1982-ல வந்த அடுத்த ஆல்பம் பேரே 'லோக்கல்ஸ் ஒன்லி'. இந்த மிரட்டலை நிஜமாவே நடத்தினவங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே லுனாடா பே-ல வெளியாட்களைக் கல்லெறிஞ்சு விரட்டறாங்கன்னு 2016-ல வழக்கே போட்டாங்க.

இதுல கூத்து என்னன்னா, சட்டப்படி கலிஃபோர்னியாவில் அலை நனைக்கிற மணல் எல்லாருக்கும் பொது. அதைக் காப்பாத்தத்தான் 1976-ல கடற்கரைச் சட்டமே வந்தது. கத்தின பசங்களால அதிகபட்சம் ஒரு பார்க்கிங் சண்டைதான் போட முடிஞ்சது. நிஜமா வழியை அடைச்சது கடலோர பங்களாக்காரங்க. அதுல ஒருத்தர் இசை உலகத்து ஆளு, அப்போ ஜெஃபன் ரெக்கார்ட்ஸ் முதலாளியா இருந்த டேவிட் ஜெஃபன். மாலிபுவில் வீட்டை விரிவாக்க அனுமதி வாங்கறப்போ, பக்கத்துல மக்கள் நடக்க வழி விடறேன்னு 1983-ல ஒத்துக்கிட்டார். கேட் திறந்தது 2005-ல. அதுக்குள்ள 'மை பீச்' வந்து 25 வருஷம் ஆகியிருந்தது.