தொலைபேசிவழிக் கணிப்பொறித் தொடர்பு: யூனிக்ஸும் மோடமும்

தொலைபேசிக் கம்பிவழிக் கணிப்பொறிகள் உரையாடிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வளர்ச்சியையே வரலாறாகக் கொள்வர். 1962இல் வெளிப்போந்த பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட்டு செலுத்தியது. அவ்வளவு பின்னர் 1200, 2400, 9600 எனப் பெருகிற்று. இஃது உண்மையே. ஆயினும், யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பொறுத்தவரை இடர்ப்பாடு வேகத்தைப் பற்றியதன்று. கம்பியின் நிலையை இயந்திரம் ஐயமின்றி அறிதல் பற்றியதே என்பது என் கருத்து.

யூனிக்ஸில் அழைப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நிரலுக்குக் 'கெட்டி' என்று பெயர். (தமிழில் இச்சொல்லுக்குள்ள பொருள் அந்நிரலுக்குப் பொருந்தியதாகத் தோன்றவில்லை.) மறுமுனையினின்று ஊர்தி அலை வந்துற்றதும், மோடம் அதனை ஒரு தனிக் கம்பியாற் குறிப்பித்தல் வேண்டும், அலை நின்றதும் அக்குறிப்பு நீங்குதல் வேண்டும். 1981இல் தோன்றிய ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தைப் பின்பற்றிய மோடங்கள் பல, அழைப்பு இல்லாதபோதும் அக்குறிப்பை நிலையாகக் காட்டுமாறு அமைக்கப்பெற்றே விற்பனைக்கு வந்தன. விளைவு யாது? கெட்டி 'லாகின்' எனப் பெயர் வினவும். கட்டளைக்குக் காத்திருக்கும் மோடம் அச்சொல்லையே எதிரொலிக்கும். அவ்வெதிரொலியைப் பயனாளர் பெயரெனக் கொண்டு யூனிக்ஸ் கடவுச்சொல் கேட்கும், அதுவும் எதிரொலிக்கப்படும். அழைத்தவர் ஒருவருமின்றியே இவ்வுரையாடல் இரவெல்லாம் நிகழ்ந்து இயந்திரத்தின் ஆற்றலை உண்ணும். இதன் மறுதலையும் உண்டு. அழைத்தவர் நீங்கியதை உணராத யூனிக்ஸ், அவர் விட்டுச்சென்ற வாயிலை அடுத்து வருவோர்க்குத் திறந்தே வைத்திருக்கும். இது காவலுக்கே இழுக்கு. எதிரொலியை ஒடுக்குதல், குறிப்புக் கம்பியை உண்மை உரைக்கச் செய்தல், யூனிக்ஸ் கைவிட்டவுடன் மோடமும் இணைப்பைத் துண்டித்தல் ஆகிய மூன்றையும் அமைத்த பின்னரே அமைதி பிறந்தது.

அழைக்கும் திசையிலோ இடர் வேறு. ஊர்தி அலை வரும்வரை வாயில் திறவாது. வாயில் திறவாவிடில் எண்ணைச் சுழற்றுமாறு மோடத்தை ஏவுதல் இயலாது. சன் நிறுவனத்து யூனிக்ஸும், பின்னர் லினக்ஸின் தொடக்கப் பதிப்புகளும் ஒரே வாயிலுக்கு வருகைக்கு ஒன்றும் செலவுக்கு ஒன்றுமாக இரு பெயரிட்டு இதனைத் தீர்த்தன.

பெல் ஆய்வுக்கூடத்து மைக் லெஸ்க் எழுதி, 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு பரவிய 'யூயூசிபி' என்னும் நிரற்றொகுதி கம்பியை நம்பாமையிலேயே எழுந்தது எனலாம். செய்தியைச் சிறு பொதிகளாக்கிச் சரிபார்ப்புத் தொகையுடன் விடுத்து, ஒப்புதல் வாராதவற்றை அது மீண்டும் விடுக்கும். எதிர்முனையின் 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை எதிர்நோக்கும்போது, முதலெழுத்தாகிய எல்லை விடுத்து எஞ்சிய நான்கெழுத்தையே தேடுமாறு எழுதுதல் வழக்காயிற்று. சில இயந்திரங்கள் அதனைப் பேரெழுத்தாகவும் சில சிற்றெழுத்தாகவும் விடுத்தன. சிலபோது இரைச்சலில் அவ்வெழுத்தே சிதைந்தது. செல்லரித்த ஏடுகளோடு பழகியோர்க்கு இம்முறை புதிதன்று.

1980களின் நடுவில் தோன்றிய டெலிபிட் டிரெயில்பிளேசர் மோடம் என் கருத்துக்கு மாறாகக் காட்டப்படலாம். பொதி மறுமுனையை அடையுமுன்னரே அருகிலிருந்த மோடம் 'பெற்றேன்' என ஒப்புதல் அளித்தது. யூயூசிபி தாமதமின்றி விரைந்தது. வேகம் வென்றதன்றோ எனின், அன்று. இரு மோடங்களும் தமக்குள் பிழைதிருத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டமையாலேயே அம்முன்கூற்று செல்லுபடியாயிற்று.