தரகுத் தள்ளுபடி (வீட்டு விற்பனை)

தரகுத் தள்ளுபடி என்பது, வீடு வாங்குபவரின் சார்பில் செயற்படும் முகவர் தமக்குக் கிடைக்கும் தரகுத் தொகையில் ஒரு பகுதியை வாங்குபவருக்கே திருப்பித் தருவதைக் குறிக்கும். இம்முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக அறியப்பட்ட ஒன்றாகும். தள்ளுபடி பணமாகவோ, கிரயம் முடியும் நாளில் வாங்குபவர் செலுத்த வேண்டிய கட்டணங்களுக்கான வரவாகவோ வழங்கப்படலாம்.

பின்னணி

அமெரிக்காவில் ஒரு வீடு விற்கப்படும்போது பெரும்பாலும் இரு முகவர்கள் ஈடுபடுகின்றனர். ஒருவர் விற்பவர் தரப்பு முகவர். மற்றவர் வாங்குபவர் தரப்பு முகவர். நெடுங்காலமாக விலையில் 5 முதல் 6 விழுக்காடு வரையிலான தொகையை விற்பவர் தரகாகத் தருவதும், அதை இரு முகவர்களும் பங்கிட்டுக் கொள்வதும் வழக்கமாக இருந்தன. வாங்குபவர் நேரடியாக எதுவும் தராததால், அவரது முகவரின் சேவை இலவசம் என்றே பலரும் கருதினர். எனினும் அத்தொகை வீட்டின் விலையிலிருந்தே எடுக்கப்படுகிறது. அவ்விலையைச் செலுத்துபவர் வாங்குபவரே ஆவார்.

செயற்படும் முறை

4,00,000 டாலர் விலையுள்ள ஒரு வீட்டுக்கு 6 விழுக்காடு தரகு எனில், மொத்தத் தரகு 24,000 டாலர் ஆகும். அதில் பாதியான 12,000 டாலர் வாங்குபவர் தரப்புக்குச் செல்கிறது. முகவர் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுபடியாகத் தர ஒப்புக்கொண்டால், வாங்குபவருக்கு 4,000 டாலர் கிடைக்கும்.

வீட்டுக் கடன் பெறுபவராயின், இத்தள்ளுபடியைக் கடன் தரும் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும், கிரயக் கணக்கு ஆவணத்தில் காட்டுவதும் இன்றியமையாதவை. மறைத்துத் தரப்படும் தள்ளுபடி கடன் மோசடியாகக் கருதப்படக்கூடும்.

வரலாறு

இணையத்தின் வளர்ச்சியால், வாங்குபவர்கள் வீடுகளைத் தாமே தேடிக்கொள்ள முடிந்தது. முகவரின் வேலை குறைந்ததால் அவரது ஊதியமும் குறையலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1999இல் தொடங்கப்பட்ட சிப்ரியால்டி நிறுவனம் தன் தரகில் 20 விழுக்காட்டை வாங்குபவர்களுக்குத் திருப்பித் தந்தது. சியாட்டிலைச் சேர்ந்த ரெட்ஃபின் நிறுவனம் 2006இல் வாங்குபவர் தரப்புத் தரகில் மூன்றில் இரு பங்கைத் திருப்பித் தரும் திட்டத்தை அறிமுகம் செய்து, பின்னாளில் அப்பங்கைக் குறைத்தது.

சட்ட நிலை

1974ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டம், வீட்டுக் கடன் தொடர்பான சேவைகளுக்கு ஆள் சேர்த்து விடுவதற்காகக் கையூட்டு தருவதைத் தடை செய்கிறது. முகவர் தம் வாடிக்கையாளருக்கே வெளிப்படையாகத் தரும் தள்ளுபடி இத்தடைக்குள் வராது. தடைகள் மாநிலச் சட்டங்களிலிருந்தே எழுகின்றன. உரிமம் இல்லாதவருடன் தரகைப் பகிரக்கூடாது என்ற விதியை, வாங்குபவருக்கும் பொருத்தி அம்மாநிலங்கள் தள்ளுபடியைத் தடுத்தன. அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட பட்டியலில் அலபாமா, அலாஸ்கா, கன்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, மிசூரி, ஒக்லகோமா, ஒரிகன், டென்னிசி ஆகியவை தடையுள்ள மாநிலங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன.

தள்ளுபடி, வாங்குபவரைத் தவறான ஆசை காட்டி ஈர்க்கும் என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். தடை விலைப்போட்டியை ஒழித்து முகவர்களின் வருவாயையே காக்கிறது என்பது எதிர்ப்போரின் வாதம். இரண்டாவது கருத்தைக் கொண்ட நீதித்துறை, 2005இல் கென்டக்கி மாநில நிலச்சொத்து ஆணையத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. அவ்வாண்டிலேயே உடன்பாடு ஏற்பட்டு அங்குத் தடை நீங்கியது. நியூ செர்சி 2010இல் தள்ளுபடியை அனுமதித்தது.

வரி

தள்ளுபடி வருமானமா என்ற ஐயத்துக்கு, அமெரிக்க வருமான வரித்துறை 2007இல் தனிப்பட்ட விளக்கக் கடிதம் ஒன்றில் விடையளித்தது. அதன்படி இது வருமானம் அன்று. வீட்டின் விலையில் ஏற்படும் குறைப்பாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வீட்டின் அடக்க விலை 3,96,000 டாலராகக் கொள்ளப்படும். பின்னர் வீட்டை விற்கும்போது இலாபம் இதைக்கொண்டே கணக்கிடப்படும். இவ்வகைக் கடிதம் அதைக் கேட்டுப் பெற்றவரை மட்டுமே சட்டப்படி கட்டுப்படுத்தும்.

2024ஆம் ஆண்டு மாற்றங்கள்

2023 அக்டோபரில் மிசூரியின் கன்சாஸ் நகரில் நடுவர் குழு ஒன்று, தேசிய ரியல்டர்கள் சங்கமும் சில பெரிய தரகு நிறுவனங்களும் தரகைக் குறையவிடாமல் கூட்டாகச் செயற்பட்டதாக முடிவு செய்து, ஏறத்தாழ 178 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு உடன்பாடு கண்டது.

இதன்படி 2024 ஆகத்து 17 முதல், எம்.எல்.எஸ் எனப்படும் பொது விற்பனைப் பட்டியலில் வாங்குபவர் தரப்பு முகவருக்கான தரகைக் குறிப்பிட இயலாது. வீட்டைப் பார்வையிடும் முன் வாங்குபவரும் முகவரும் கட்டணத்தை எழுத்து மூலம் முடிவு செய்ய வேண்டும். அத்தொகைக்கு மேல் முகவர் எவரிடமிருந்தும் பெறக்கூடாது. இதனால், பெற்ற தரகைத் திருப்பிக் கேட்பதற்கு மாறாக, தொடக்கத்திலேயே குறைந்த கட்டணம் பேசிக்கொள்ள வாங்குபவருக்கு வாய்ப்பு ஏற்பட்டது.

பிற ஊக்கங்கள்

தரகுத் தள்ளுபடியை அரசு வழங்கும் வரிச் சலுகையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுச் சந்தை வீழ்ச்சியின்போது, முதல்முறை வீடு வாங்குபவர்களுக்கு 2008இல் 7,500 டாலர் வரை வரிச் சலுகை தரப்பட்டது. ஆனால் அதை 15 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது. 2009இல் அது 8,000 டாலராக உயர்த்தப்பட்டு, வீட்டில் மூன்று ஆண்டுகள் வசிப்போர் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை என மாற்றப்பட்டது. புதிய வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனங்கள் வட்டிக் குறைப்பு போன்ற ஊக்கங்களைத் தருவதும் உண்டு.

இவற்றையும் பார்க்க

- வீட்டுக் கடன்
- தரகர்
- போட்டிச் சட்டம்