நெடுங்கம்பியும் தயங்கும் குறியும்

இயற்கையாய் அமைந்த ஆழ்துறைமுகங்களுள் திருகோணமலைத் துறைமுகம் தலைசிறந்தது என்பர். ஆயினும் ஆழமே காவலை அரிதாக்குவதுமுண்டு. மேற்பரப்பில் வரும் கலத்தைக் கண்ணாற் காணலாம். நீருள் மறைந்துவரும் நீர்மூழ்கியைக் காண்பது எங்ஙனம்? 1957 ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த இத்துறைமுகத்தின் வாயிலில், இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கடலடிக் கம்பி வளையங்கள் இடப்பட்டன. இரும்புக் கலம் ஒன்று வளையத்தைக் கடக்குங்கால் அதன் காந்தத்தன்மை கம்பியிற் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். கரையிலுள்ள கருவி அதனைப் பதியும். உணரும் உறுப்பு கடலடியில், படிக்கும் கண் கரையில், இடையே நெடுங்கம்பி. இவ்விடைக்கம்பி குறியை எவ்வாறு திரித்துவிடும் என்னும் ஆராய்ச்சி அப்போருக்கும் நெடுநாள் முற்பட்டது.

குத்தாப்பேர்ச்சா என்னும் மரப்பாலால் உறையிட்டு நீருள் இட்ட கம்பி, மின்னைக் கடத்துவதோடு அதனைத் தேக்கியும் வைக்கின்றது என 1854 இல் பரடே எடுத்துக்காட்டினார். உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், நடுவே உறை. நெடியதொரு மின்தேக்கியே அது. நீளம் இருமடங்காயின் தடையும் இருமடங்கு, கொள்ளளவமும் இருமடங்கு. ஆகவே தாமதம் நான்கு மடங்கு எனக் கணித்தவர் வில்லியம் தொம்சன். அத்திலாந்திக் கம்பியின் மின்னியலாளரான வைல்மன் வைற்கவுசு இதனை ஏற்றாரல்லர். 1858 ஓகத்தில் அக்கம்பி வழியே அனுப்பப்பட்ட விக்ரோறியா அரசியின் 98 சொற்கள் சென்றுசேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. குறி தயங்கினால் அழுத்தத்தைக் கூட்டுவதே வழியென வைற்கவுசு ஏறத்தாழ 2,000 உவோற்றைச் செலுத்தினார். முன்னமே குறையுற்றிருந்த கம்பி சில வாரங்களில் அடங்கிற்று. தொம்சன் கொண்ட நெறியோ வேறு. கம்பி நிரம்பும்வரை காத்திராது, முதற் சிறு எழுச்சியையே காட்டவல்ல ஆடிக் கல்வனோமானியை அவர் ஆக்கினார். ஒவ்வொரு குறியின் பின்னும் எதிர்த்திசையில் ஒரு சிறு துடிப்பைச் செலுத்தி எஞ்சிய மின்னைத் துடைக்கும் முறையும் பின்னர் வந்தது. வலிமையினும் நுண்மை வென்றது எனலாம்.

கம்பி தரும் பிழை தாமதம் ஒன்றே அன்று. வில்லியம் சீமென்சு, தடையின் மாற்றங்கொண்டு வெப்பநிலையை அளக்கும் முறையை 1871 இல் விளக்கியபோது, இணைப்புக் கம்பியின் தடையும் அளவிற் கலந்துவிடுவதைக் கண்டு, அதனை ஈடுசெய்ய மூன்றாவது கம்பியொன்றைச் சேர்த்தார். இப்பிழை எவ்வளவு காத்திருப்பினும் நீங்காது. தாமதப் பிழையோ காத்திருந்தால் நீங்கும். இவ்விரண்டையும் மயங்கக் கொள்வோர் இன்றும் உளர்.

இக்காலத்து உணரிகளில் நிலை சற்றே வேறு. 10,000 ஓம் தடையுள்ள உணரியொன்றை 100 மீற்றர்க் கம்பியில் இணைத்தால், கம்பியின் தடை புறக்கணிக்கத்தக்கது; அதன் கொள்ளளவமே இடர் தருவது. மீற்றருக்கு 100 பைக்கோபரட்டு எனின் மொத்தம் 10,000 பைக்கோபரட்டு. நேர மாறிலி 100 மைக்குரோசெக்கன். இங்குத் தாமதம் நீளத்தின் வர்க்கத்தைத் தொடராது, நீளத்தையே தொடரும். ஒரு மாறிலி கழிந்ததும் 37 சதவீதப் பிழை எஞ்சும். ஐந்து கழிந்தபின்னரே அது ஒரு சதவீதத்திற் குறையும். பல உணரிகளை அடுத்தடுத்து விரைந்து படிக்கும் கருவியில், முந்தியதன் எச்சம் அடுத்ததன் அளவிற் கலக்கும். அத்திலாந்திக் கம்பியில் ஒரு குறி மறுகுறியோடு மயங்கிய அதே நோய் இது. படிக்குமுன் போதிய நேரம் விடுதல், கம்பியைக் குறுக்குதல், கொள்ளளவம் குறைந்த பொலித்தீன் உறையை நாடுதல், உணரியின் அருகிலேயே தாங்கு பெருக்கியொன்றை அமைத்தல் ஆகியன மருந்துகள். ஐயமுற்றால் நேரத்தை இருமடங்காக்கி மீண்டும் அளக்க வேண்டும். அளவு மாறினால் முதலிற் படித்தது அமையாத குறி.

கடலடி வளையத்தின் இடர் மற்றொன்று. புவிக்காந்தத்தின் அலைவுகளும் அதில் மின்னை எழுப்புவன. வளையத்தை இரு பாதிகளாக்கி எதிரெதிராய் இணைத்தமையால் இரண்டிற்கும் பொதுவான அலைவு நீங்கிற்று. கலத்தின் குறி எஞ்சிற்று. ஆயினும் 1942 மே 31 இரவு, சிட்னித் துறைமுகத்தில் யப்பானியக் குறுநீர்மூழ்கி ஒன்று வளையத்தைக் கடந்ததைக் கருவி 8.01 மணிக்குச் செவ்வனே பதிந்தது. நாளெல்லாம் சென்றுவந்த படகுகளின் குறிகளிடையே அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. நள்ளிரவின் பின் மற்றொரு குறுநீர்மூழ்கி எய்த கணை வெடித்துக் குற்றபுல் என்னும் கலம் மூழ்க, 21 கடற்படையினர் மாண்டனர். திருகோணமலைக்கோ அவ்வாண்டு ஏப்பிரல் 9 இல் வந்த தாக்குதல் வானிலிருந்து வந்தது.