வெற்றுக் காசோலை

‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அடுத்த மாதம் 28ஆம் தேதி அதிகாலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. செத்துப்போன ரஷ்ய மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. எங்கேயோ பிறந்த ரஷ்யன் ஒருவன் ஜெர்மானியன் கையால் பினாங்கில் ஏன் சாக வேண்டும்? பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு வரிப் பதில்தான்: சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள், போர் வந்தது.

அந்த ஒரு வரிக்குள் 37 நாள்கள் அடங்கியிருக்கின்றன. ஜூன் 28இல் கொலை. ஜூலை 5, 6 தேதிகளில், ‘நீ என்ன செய்தாலும் உன் பின்னால் நிற்கிறோம்’ என்று ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வாக்குக் கொடுக்கிறது. ‘வெற்றுக் காசோலை’ என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். ஜூலை 23இல் செர்பியாவுக்கு 48 மணிநேரக் கெடு. 28இல் செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவிக்கிறது. 30இல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிடுகிறது. ஆகஸ்ட் 1இல் ரஷ்யா மீதும் 3இல் பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போர் அறிவிக்கிறது. ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, 4ஆம் தேதி பிரிட்டனும் இறங்குகிறது. இதில் ‘மொதல்ல கைய வச்சது யாரு?’ என்பதுதான் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் சண்டை.

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே ஒவ்வொரு அரசும் தன் தரப்பு ஆவணங்களை அச்சிட்டு வெளியிட்டது. ஜெர்மனிக்கு வெள்ளைப் புத்தகம், பிரான்சுக்கு மஞ்சள், ரஷ்யாவுக்கு ஆரஞ்சு. எல்லாமே தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுத்தவை. ரஷ்யப் படைதிரட்டல் பற்றிய ஒரு தந்தியை பிரான்சின் மஞ்சள் புத்தகம் வாசகத்தை மாற்றியே அச்சிட்டது.

1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு வந்தது. அதில் ‘குற்றம்’ என்ற சொல்லே கிடையாது. போரின் இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று மட்டும் சொல்கிறது. நஷ்ட ஈடு கேட்பதற்கான சட்ட அடிப்படை அது. ஆனால் ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் நெற்றியில் குத்திய முத்திரையாகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வரலாறு அரசாங்க வேலையாகிவிட்டது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சு இதற்கென்றே ஒரு பிரிவைத் திறந்தது. 1922 முதல் 1927 வரை 40 தொகுதி ஆவணங்கள் வெளிவந்தன. மற்ற நாடுகளின் பெட்டகங்கள் பூட்டிக் கிடந்தபோது இவைதான் கைக்குக் கிடைத்தன. ஆகவே உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அவற்றை வைத்தே எழுதினார்கள். ‘யாரும் போரை விரும்பவில்லை, எல்லாரும் வழுக்கி விழுந்தார்கள்’ என்ற பேச்சு 1930களில் நிலைபெற்றதில் இதற்கும் பங்குண்டு.

இந்த இடத்தில் என்னால் கடந்துபோக முடியாத பெயர் ஹெர்மன் கான்டரோவிச். சட்ட அறிஞர். ஜெர்மன் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்காக 1920களில் அவர் ஓர் அறிக்கை எழுதினார். முதன்மைப் பொறுப்பு ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும்தான் என்பது அவர் முடிவு. வெளியுறவு அமைச்சு அதை அச்சேற விடவில்லை. 1933இல் நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1940இல் கேம்பிரிட்ஜில் இறந்தார். அறிக்கை வெளிவந்தது 1967இல்.

அது வெளிவரவே ஃப்ரிட்ஸ் ஃபிஷர் கிளப்பிய புயல் தேவைப்பட்டது. 1961இல் வந்த அவருடைய நூலின் மையத்தில் ‘செப்டம்பர் திட்டம்’ இருந்தது. போர் தொடங்கி ஒரு மாதத்தில், 1914 செப்டம்பர் 9 தேதியிட்டு, பெல்ஜியத்தை அடிமை நாடாக்குவது உட்பட ஜெர்மன் பிரதமரின் அலுவலகம் போட்ட பட்டியல் அது. ‘போர் தொடங்கிய பிறகு எழுதியது எப்படிப் போருக்குக் காரணமாகும்?’ என்று கெர்ஹார்ட் ரிட்டர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எதிர்ப்பு கேள்வியோடு நிற்கவில்லை. 1964இல் ஃபிஷரின் அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கான அரசு நிதி ரத்தானது. அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் உதவ, அவர் எப்படியோ போய்ச் சேர்ந்தார். இதே ஃபிஷர் 1930களில் நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு 2012இல் கிறிஸ்டோஃபர் கிளார்க்கின் ‘தூக்கத்தில் நடப்பவர்கள்’ வந்தது. ‘ஏன்’ என்று கேட்டால் குற்றவாளியைத் தேடிப் போய்விடுவோம், ‘எப்படி’ என்று கேட்போம் என்பது அவர் வழி. செர்பிய உளவுத்துறையின் கை, ரஷ்யாவின் அவசரம், பிரான்சின் ஊக்கம் என்று எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் புத்தகம் அமோகமாக விற்றது. ஜான் ரோல், அன்னிகா மொம்பவர் போன்றவர்கள், ஜெர்மனியின் பங்கு இதில் நீர்த்துப்போகிறது என்று எதிர்த்தார்கள்.

கிளார்க்கை விடிய விடிய வாசித்தேன். அவ்வளவு நன்றாகக் கதை சொல்கிறார். ஆனால் அந்தத் தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஜூலை 5இல் வாக்குக் கொடுத்தவர்கள் தூங்கவில்லை. ரஷ்யா குறுக்கே வரலாம், பெரும் போர் மூளலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். வந்தால் வரட்டும் என்றுதான் கொடுத்தார்கள். போரை விரும்பித் திட்டமிடுவது ஒன்று. போர் வந்தாலும் பரவாயில்லை என்று துணிவது இன்னொன்று. முதலாவதை ஃபிஷர் முழுதாக நிரூபித்தார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. அது பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் அதிகமாகவும், பீட்டர்ஸ்பர்க்குக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் குறைவாகவும் பொருந்தும்.

‘வரலாறுன்னாலே ஆளுக்கொரு கதைதானே’ என்று நண்பர்கள் சிலர் சொல்லும்போது நான் இந்த விவாதத்தைத்தான் எடுத்துப் போடுவேன். ஆளுக்கொரு கதை இருந்தது உண்மைதான். ஆனால் எல்லாக் கதையும் சமமாகத் தேறவில்லை. மஞ்சள் புத்தகத்தின் தந்தி மாட்டிக்கொண்டது. 40 தொகுதிகளில் விடுபட்டவை பின்னால் வெளிப்பட்டன. ‘எல்லாருமே பொறுப்பு’ என்பது பெருந்தன்மையாகத் தெரியலாம். ஆனால் ஒரு கையெழுத்தையும் நாம் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை என்ற வசதியையும் அது தந்துவிடுகிறது. எதிரியின் பெட்டகத்தைத் திறந்து காட்ட ஆள் எப்போதும் கிடைப்பார்கள். தன் நாட்டுப் பெட்டகத்தைத் திறந்த கான்டரோவிச்சின் அறிக்கை அச்சேறியபோது அவர் இறந்து 27 வருஷமாகியிருந்தது.