செவிலியர் ஆய்வில் நிகழ்வியல்

ஒரு நோயோடு நாள்களைக் கழிப்பது எப்படியிருக்கும் என்பதை, கழிப்பவரின் பேச்சைக் கொண்டே ஆராயும் பண்புசார் ஆய்வுமுறை நிகழ்வியல். கருத்து வடிவில் இது பிறந்தது ஜெர்மன் தத்துவத்தில். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் (1859–1938), ஒன்றை அறிய முனைபவர் தன் முன்முடிவுகளை அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றார். அவரிடம் உதவியாளராக இருந்த மார்ட்டின் ஹைடெக்கருக்கு அதில் உடன்பாடில்லை. உலகத்துக்குள்ளேயே உழலும் மனிதர் அதைவிட்டு எங்கே விலகி நிற்பது?

இந்தப் பிணக்கு செவிலியர் ஆய்விலும் இரண்டு வழிகளாகத் தொடர்கிறது. அனுபவத்தை உள்ளபடி விவரிப்பவர்கள் ஹுஸ்ஸர்ல் பக்கம். அதற்கு விளக்கம் காண்பவர்கள் ஹைடெக்கர் பக்கம். செவிலியர் கற்றுக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்தவராக வளர்வதைப் பற்றி 1984இல் நூல் எழுதிய பட்ரீசியா பென்னர் இரண்டாவது அணி.

முறையின் பலம் தெரிய, அமெரிக்கச் செவிலியரும் மகப்பேற்றுத் தாதியுமான செரில் டட்டானோ பெக்கின் ஆய்வுகளைப் பார்த்தால் போதும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றி 1992இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பேசியவர்கள் ஏழே தாய்மார்கள். புள்ளியியல்காரர் கண்ணில் அது ஒரு எண்ணிக்கையே இல்லை. ஆனால் தான் பழைய ஆளாக இல்லை என்ற தவிப்பு, குழந்தையிடம் பாசம் பொங்கவில்லையே என்ற குற்றவுணர்வு, எதிலும் மனம் குவியாமை என, பொதுவான மனச்சோர்வு வினாத்தாள்களில் சரியாகப் பிடிபடாதவை அந்தப் பேச்சில் வெளிப்பட்டன. இத்தகைய ஆய்வுகளை அடித்தளமாக வைத்து, ராபர்ட் கேபிளுடன் சேர்ந்து 35 கூற்றுகள் கொண்ட அளவுகோலை அவர் பின்னர் உருவாக்கினார். தூக்கமும் உணவும் கெடுவது முதல் தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை ஏழு கூறுகளை அது கேட்டறிகிறது.

2004இல் வெளியான மற்றோர் ஆய்வுக்கு 40 தாய்மார்கள் இணையம் வழியே தங்கள் பிரசவக் கதையை அனுப்பினார்கள். மருத்துவக் குழு வழக்கமான பிரசவம் என்று கருதியதைத் தாய் பேரதிர்ச்சியாக அனுபவித்திருக்கக்கூடும் என்பது அதன் முடிவு.

பேட்டியைப் பதிவுசெய்து எழுத்தாக்கி, முக்கியக் கூற்றுகளைப் பிரித்து, பொருள் கண்டு, கருப்பொருள்களாகத் தொகுப்பது நடைமுறை. பால் கொலைஸி 1978இல் வகுத்த ஏழு படிகள் செவிலியர் ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும்.

எதிர்ப்பும் உண்டு. செவிலியர் ஆய்வாளர்கள் ஹுஸ்ஸர்ல் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு எதையோ செய்கிறார்கள் என்று மைக்கேல் கிராட்டி 1996இலும் ஜான் பேலி 1997இலும் சாடினார்கள். நியாயமில்லாத குற்றச்சாட்டு என்று தள்ள முடியாது. கொலைஸியின் கடைசிப் படியிலேயே தகராறு இருக்கிறது. முடிவுகளைப் பேசியவரிடமே திரும்பக் காட்டிச் சரிபார்க்கச் சொல்கிறார் அவர். பேசியவர் அனுபவத்துக்குத்தான் உரியவர், நிகழ்வியல் பகுப்பாய்வுக்கு அல்ல என்று அதை ஏற்க மறுத்தார் அமெடியோ ஜியார்ஜி.