40-க்கு அப்புறம் பூ வைக்க யார்கிட்ட கேட்கணும்?

இன்னைக்கு எபிசோட் ஒரு கல்யாண மண்டபத்துல ஆரம்பிக்குது.

திண்டிவனத்துல என் சித்தி பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணுக்கு மேக்கப் முடிஞ்சும் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. மேக்கப் போட வந்த அக்கா எங்க அம்மாவைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்கம்மா, பத்து நிமிஷம்தான்"னு கூப்பிட்டாங்க. அம்மாவுக்கு 49 வயசு. "எனக்கு எதுக்கும்மா, வயசாயிடுச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டே நகர்ந்துட்டாங்க.

பக்கத்துலயே பெரியம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களை யாரும் கூப்பிடவே இல்லை. 42 வயசுல பெரியப்பா தவறிட்டார். மல்லிகைப்பூ தட்டு அந்த ரூமைச் சுத்தி வந்தது. பெரியம்மா கிட்ட வந்ததும் நிக்காம அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. யாரும் தப்பா ஒரு வார்த்தை பேசலை. பேசத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் பழகின விஷயம்.

ஒருத்தருக்கு வயசு தடை, இன்னொருத்தருக்குப் புருஷன் இல்லாதது தடை. இந்த ரெண்டு தடையும் எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தா, விழுப்புரம் சுத்துவட்டாரத்துலயே நிறைய கதை கிடைக்குது.

முதல்ல பனமலைக்குப் போவோம். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, ஒரு ஏரிக்கரையில இருக்கிற குன்று. அதன் மேல தாளகிரீஸ்வரர் கோயில். கட்டியவர் பல்லவ மன்னன் ராஜசிம்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவரும் இவரே. காலம் 8-ம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தக் கோயிலின் ஒரு துணைச் சன்னதிச் சுவரில் பார்வதியின் ஓவியம் பாதி அழிந்தும் அழியாமலும் நிற்கிறது. தலையில் கிரீடம், மேலே குடை, கழுத்திலும் கையிலும் நகைகள். ஒரு காலை மடித்துச் சாய்ந்தபடி சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று இது. அலங்காரத்தை நம்ம ஊர் எவ்வளவு மதிச்சதுன்னு அந்தச் சுவரே சொல்லுது.

ஆனா அதே மரபுல ஒரு எல்லைக்கோடும் இருந்தது. உலா என்கிற சிற்றிலக்கியத்தைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அரசனோ இறைவனோ வீதியில் வர, பெண்கள் பார்த்து மயங்குவதாகப் பாடுவது. 12-ம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மேல் பாடியது மூவருலா. இந்த உலாக்களில் பெண்களை வயதுப்படி ஏழு பருவமாகப் பிரிப்பார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் வழியே பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பேதைக்கு 5 வயது தொடக்கம். பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை.

கவனிச்சீங்களா? 40-ஓட கணக்கு முடிஞ்சுடுது. 41 வயசுக்காரிக்கு அந்த வீதியில இடமே இல்லை. எட்டாவதா ஒரு பேர் வைக்கணும்னு யாருக்கும் தோணலை. அந்தப் பாட்டுல பெண் என்பவள் பார்க்கப்படுறதுக்காக நிறுத்தப்பட்டவள். பார்க்கிறவனோட கணக்கு முடிஞ்சா அவளும் முடிஞ்சா. எங்க அம்மாவோட "வயசாயிடுச்சு"க்குள்ள இந்தக் கணக்கும் கொஞ்சம் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

இரண்டாவது தடை இன்னும் கொடுமையானது. மஞ்சள், குங்குமம், பூ, வளையல் எல்லாமே சின்ன வயசிலிருந்து ஒரு பெண் தானாகப் பழகுகிறவை. கல்யாணம் ஆனதும் அதெல்லாம் 'சுமங்கலி'க்கு உரியது ஆகிவிடும். உரிமை என்று ஆன பிறகு பறிப்பதும் சுலபம். கணவன் இறந்தால் அத்தனையும் போகும். சில சாதிகளில் தலைமுடியும் போகும். சிறுமியாக இருக்கும்போதே விதவையான ஆர். எஸ். சுப்பலட்சுமி 1911-ல் பி.ஏ. முடித்து, அடுத்த ஆண்டே சென்னையில் இளம் விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே சேர்ந்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுச் சிறுமிகள். படிப்பும் வேலையும் வந்தாலும் பொட்டு திரும்பி வரப் பல தலைமுறை ஆனது.

இதுக்கு நேர் எதிரான ஒரு காட்சியும் நம்ம ஊர்லயே இருக்கு. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்கள்ல நடக்கிற படுகளம். இந்த வழிபாட்டுக்கு மூல இடம்னு செஞ்சிப் பகுதியைத்தான் சொல்றாங்க. நாள் கணக்கில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. கடைசியில் பதினெட்டாம் போர். தரையில் களிமண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். பீமன் அவன் தொடையை அடிப்பான். சபையில் அவமானப்பட்ட நாள் முதல் விரித்த கூந்தலோடு இருந்த திரௌபதி, அன்றைக்குத்தான் முடியை அள்ளி முடிந்து பூ வைப்பாள்.

கதைப்படி கணக்குப் போடுங்க. காட்டுவாசமும் அஞ்ஞாதவாசமும் மட்டும் 13 வருஷம். அவளோட பிள்ளைங்க போருக்கே போற வயசு. அப்ப திரௌபதிக்கு என்ன வயசு இருக்கும்? உலா போட்ட கோட்டை அவ எப்பவோ தாண்டியிருப்பா. எப்ப பூ வைக்கணும், எப்ப வைக்கக் கூடாதுன்னு முடிவெடுத்தது அவளேதான். ஊரே கூடி நின்னு அந்தக் கூந்தலைக் கும்பிடுது. அதே களத்துல துரியோதனன் மனைவி மாரடிச்சு அழுவா. ஒருத்தி பூ வைக்கிற நேரத்துல இன்னொருத்திக்குப் பூ போகுது. கூத்து அதையும் மறைக்கிறது இல்லை.

அதே பாரதக் கதையோட இன்னொரு கிளை கூவாகம். உளுந்தூர்பேட்டைப் பக்கம், இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரைப் பௌர்ணமி ராத்திரி திருநங்கைகள் கூத்தாண்டவர் கோயில்ல அரவானுக்காகத் தாலி கட்டிக்கிறாங்க. மறுநாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைச்சு, பூவை எடுத்து, வெள்ளைப் புடவை கட்டுறாங்க. ஒரு பெண்ணோட வாழ்க்கையில பல வருஷம் இடைவெளியில நடக்கிறது, அங்க ஒரே ராத்திரியில நடந்து முடியுது. ஆனா வெள்ளைப் புடவையோட ஊருக்குப் போனவங்க அதுலயே நின்னுடுறதில்லை. திரும்பவும் பொட்டு வைக்கிறாங்க, அடுத்த சித்திரைக்குத் திரும்பவும் வர்றாங்க. திருவிழாவை ஒட்டி விழுப்புரத்துல நடக்கிற மிஸ் கூவாகம் போட்டி ஊரறிஞ்சது. அந்த ஊர்க்காரங்களுக்கு மேக்கப்போட அருமை தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சரி, கடைச் சரக்குக்கு வருவோம். ஒரு காலத்தில் எல்லாமே வீட்டுத் தயாரிப்பு. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் கண்மை. ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சினால் சாந்து. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. 1919-ல் பம்பாயில் ஆப்கான் ஸ்நோ வந்தது. பிறகு குட்டிகூரா, பாண்ட்ஸ் பவுடர்கள். 'ஸ்நோ பவுடர்' என்பதே ஒரு சொல்லாகிப் போனது. 1952-ல் டாடா குழுமம் லாக்மேயைத் தொடங்கியது. 1961-ல் அதில் சேர்ந்த சிமோன் டாடா, 50 வயதைத் தாண்டிய பிறகு 1982-ல் தலைவரானார். ஆனால் விளம்பரத்தில் வந்த முகமெல்லாம் இளம் நடிகைகளின் முகம். கடைக்காரரும் உலாவோட கணக்கையே வேற மொழியில சொன்னார்.

40-க்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான் நிஜமான சந்தேகங்கள் இருக்கு. நம்ம நாட்டுல மாதவிடாய் நிக்கிற சராசரி வயசு 46, 47. அப்போ ஈஸ்ட்ரோஜன் குறையும், தோல் வறண்டு போகும். இருபது வருஷமா போட்ட அதே பவுடர் திடீர்னு சுருக்கத்துல திட்டுத்திட்டா நிக்கும். அது முகத்தோட குத்தம் இல்லை. முதல்ல ஈரப்பதம் தர்ற கிரீம், அப்புறம் பவுடர் பாதியளவு போதும்.

இன்னொன்னு, ஸ்டிக்கர் பொட்டு. சில பசைகள்ல இருக்கிற பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்கிற ரசாயனம் நெற்றியில வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். நிறைய அம்மாக்கள் அதை மறைக்கப் பெரிய பொட்டா ஒட்டி, தழும்பையும் பெரிசாக்கிக்கிறாங்க. தழும்பு தெரிஞ்சா பொட்டை நிறுத்திட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கன்னு வீட்ல சொல்லுங்க. அதைச் சொல்றதுக்கு வெட்கப்பட்டே பல வருஷம் ஓடிடுது.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமா பேசுது. 2023 ஆகஸ்ட்ல, ஈரோடு மாவட்டத்துல ஒரு விதவையைக் கோயிலுக்குள்ள விடாத வழக்குல, பெண்ணோட அடையாளம் அவளோட திருமண நிலையைப் பொறுத்தது இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா பூத்தட்டு எந்தப் பக்கம் போகணும்னு நீதிமன்றம் உத்தரவு போட முடியாது. அது ரூமுக்குள்ள இருக்கிற நம்ம வேலை.

அன்னைக்கு அந்த வேலையை நான் செய்யலை, கல்யாணப் பொண்ணு செஞ்சா. தட்டைத் திருப்பி வாங்கி, "பெரிம்மா, எடுத்துக்கோங்க"ன்னு நீட்டினா. ரூம்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பெரியம்மா ஒரு முழம் எடுத்தாங்க. தலையில வைக்கலை, கைப்பையில வச்சுக்கிட்டாங்க. அப்புறம் அம்மாவைப் பார்த்து, "நீயாவது போய் உக்காருடி"ன்னாங்க.

அம்மா உக்காந்தாங்க. பத்து நிமிஷம்னு சொன்னது அரை மணி நேரம் ஆச்சு.

உங்க வீட்ல அலங்காரத்தை நிறுத்தினவங்க யாரு, எப்ப நிறுத்தினாங்கன்னு இன்னைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.