கொல்லைப்புறம் முகப்பானது: கேம் ஆற்றில் கேம்பிரிட்ஜ்

கேம்பிரிட்ஜில் பயிலும் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் கேம் ஆற்றுக்கு அழைத்துச் சென்று, ‘பன்ட்’ எனப்படும் தட்டையான அடியுடைய படகில் அமர்த்தி, நீண்ட ஓடக்கோலைப் படுகையில் ஊன்றித் தள்ளியபடி கல்லூரிகளைக் காட்டுவது அந்நகரில் வேரூன்றிய வழக்கம். பல்கலைக்கழகத்தின் வயது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல். இவ்வழக்கத்தின் வயதோ ஒரு நூற்றாண்டைச் சற்றே கடந்தது. ஆற்றுவழி வணிகம் மறைந்த பிறகே அது தோன்றியது.

பல்கலைக்கழகம் வருமுன்பே கேம்பிரிட்ஜ் ஒரு படகுத்துறை நகரம். கடலோரத்துக் கிங்ஸ் லின்னிலிருந்து ஊஸ் ஆற்றிலும் கேம் ஆற்றிலும் சரக்குப் படகுகள் ஏறி வந்தன. 1441-இல் கிங்ஸ் கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னர், அதன் வளாகத்துக்காக ஆற்றோரத் துறைகளையும் தெருக்களையும் அகற்றச் செய்தார். கல்லூரிகளின் தலைவாயில்கள் தெருவை நோக்கியிருக்க, ஆற்றுப்பக்கம் கொல்லைப்புறமாக நின்றது. ‘பின்புறங்கள்’ என்று பொருள்படும் ‘பேக்ஸ்’ என்னும் பெயர் அப்பகுதிக்கு இன்றும் நிலைத்திருப்பது அதனாலேயே. அங்கே கரையோரமாக இழுவைப்பாதை, அதாவது படகுகளைக் கயிற்றால் இழுக்கும் குதிரைகளுக்கான வழி, அமையவில்லை. ஆகவே குதிரைகள் நீருக்குள் இறங்கி, படுகையில் சரளையிட்டு உயர்த்திய தடத்தில் நடந்தே படகுகளை இழுத்தன.

1845-இல் வந்த இருப்புப்பாதை இந்நிலையை மாற்றியது. மாணவர்கள் லண்டனுக்கு எளிதாக ஓடிவிடுவர் என்று அஞ்சிய பல்கலைக்கழகம் ரயிலை ஐயத்தோடே நோக்கியது. நிலையமும் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளியே அமைந்தது. எனினும் ஆற்றுச் சரக்கைப் பறித்துக்கொண்ட அதே ரயில், தொலைவிலிருந்த குடும்பங்களை நகருக்குக் கொண்டுவந்தது. கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலோர் 1880-கள் வரை மணம் செய்துகொள்ள இயலாத ஆண்களின் உலகமாகப் பல்கலைக்கழகம் இருந்தமையால், தாய்மாரும் தமக்கையரும் விருந்தினராக வரும் நாள்கள் தனிச் சிறப்புப் பெற்றன. ஜூன் மாதத்திலேயே நடந்தும் பழம்பெயரை விடாத ‘மே வாரம்’, படகுப் போட்டிகளோடும் தோட்ட விருந்துகளோடும் நடன இரவுகளோடும் அவ்வருகைக்குரிய பருவமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உல்லாசப் பன்ட்டுகள் கேம் ஆற்றில் இறங்கின; 1910-இல் ஸ்கூடமோர் நிறுவனம் அவற்றை வாடகைக்கு விடத் தொடங்கியது. மாட்லின் பாலத்திலிருந்து புறப்படும் படகு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ‘பெருமூச்சுப் பாலம்’ (1831), டிரினிட்டியின் ரென் நூலகம், கிளேர் பாலம் (1640), கிங்ஸ் சிற்றாலயம் ஆகியவற்றைக் கடந்து குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை அடையும். ஆணியோ திருகோ இன்றி அதை நியூட்டன் கட்டினார் என்று விருந்தினரிடம் கூறப்படும் கதை, அவர் 1727-இல் மறைந்தார், பாலமோ 1749-இல் எழுந்தது என்ற ஒரே செய்தியில் உடைந்துவிடும். தமிழ்க் குடும்பங்களுக்கு ரென் நூலகம் வேறொரு வகையில் நெருக்கமானது: மனைவி ஜானகி இந்தியாவிலேயே இருக்க, 1914 முதல் 1919 வரை இங்கிலாந்தில் வாழ்ந்த கணிதமேதை ராமானுஜன் தம் வாழ்வின் இறுதி ஆண்டில் கணிதம் எழுதிவைத்த தாள்களை 1976-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது அங்கேதான்.

இவ்வாறு, வணிகத்துக்குப் புறங்காட்டி நின்ற கொல்லைப்புறமே விருந்தினருக்கு நகரின் முகப்பாக மாறியது. குதிரைகள் நடந்த சரளைத் தடத்தின் எச்சம் இன்றும் நீருக்கடியில் கிடக்கிறது. தாய் தந்தையை அமர்த்திப் படகு தள்ளும் மாணவரின் ஓடக்கோல் சேற்றில் புதையாமல் அங்கே ஊன்றி எழுவது, அந்தப் பழைய தடத்தின் உறுதியால்தான்.